குறுஞ்செய்தி வாயிலாக நூலக உசாத்துணை

நூலகமென்பது நூல்களைச் சேமித்து வைக்கும் இடமென்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். சேமித்தலினும் அரியதொரு பணி அதற்குண்டு. ஒன்றை அறிய விரும்பி வருபவன் ஒருபுறம். அவன் அறிய விரும்பும் பொருளைத் தன்னகத்தே கொண்டு அலுமாரியில் வாளாவிருக்கும் நூல் மற்றொருபுறம். இவ்விரண்டுக்கும் இடையே நின்று ஒன்றை மற்றொன்றிடம் கொண்டு சேர்ப்பதே அப்பணியாகும். அதனை உசாத்துணைச் சேவை என வழங்குதல் ஈழத்து நூலகங்களின் மரபு. பழந்தமிழ் வழக்கில் உசாத்துணை என்பது, ஒருவன் தன் மனத்திலுள்ளதைக் கூறிக் கலந்து சூழ்தற்குரிய துணைவனைக் குறிக்கும். நூலகத்தார் இச்சொல்லைத் தேர்ந்துகொண்டமை மிகப் பொருத்தமானது. ஏனெனில் இச்சேவையிற் கேட்பவரும் இருவர், கூறுபவரும் இருவர். வாசகன் வினாவுகின்றான், நூலகரும் வினாவுகின்றார். இவ்விருவழிப் பேச்சு, ஒருவரையொருவர் காணாத நிலையில், கைத்தொலைபேசியிற் சில சொற்களே கொண்ட குறுஞ்செய்தி வாயிலாக நடைபெறக் கூடுமா, கூடுமாயின் எவ்வாறு அமையும், யாருக்குப் பயன்படும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாசகனுக்கு நூலகர் நேரே உதவவேண்டும் என்னும் கருத்து மிகப் பழையதன்று. ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரப் பொது நூலகத்திற் பணியாற்றிய சாமுவேல் சுவெற் கிறீன் என்பவர் 1876 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றிலேதான் அக்கருத்து முதன்முதலாகத் தெளிவுறக் கூறப்பட்டது. தொழிலாளரும் பள்ளிச் சிறாரும் தம் தேவையைத் தாமே அட்டவணையில் தேடிக் கண்டுகொள்வர் என்று வாளாவிருத்தல் தகாது. நூலகர் அவர்களோடு பழகி, அவர்கள் கேட்பதை அறிந்து, நூலை எடுத்துக் கையிற் கொடுத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தமிழ் நாட்டுச் சீர்காழியில் 1892 ஆம் ஆண்டிற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924 ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான அரங்கநாதன் அவர்கள் இக்கொள்கைக்கு விதி வடிவம் கொடுத்தார். 1931 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகனுடைய நேரம் வீணாகாமற் காக்கப்படவேண்டும் என்பதைப் பற்றியது. கணித ஆசிரியர் ஒருவர் நூலகவியலுக்கே தந்தையாக மதிக்கப்படுதல் ஆசிரியத் தொழிலினராகிய எமக்கு ஒரு பெருமையன்றோ! 1959 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டு, 1981 ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்டுப் பின் மீள எழுப்பப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் முதலில் அமைக்கப்பட்டபோது அதற்கு ஆலோசனை கூறியவரும் அவரே.

இனி, வாசகன் கேட்கும் வினா எத்தன்மையது என்பதை நோக்குவோம். இதனை நுணுகி ஆராய்ந்தவர் றொபேட் ரெயிலர் என்னும் அமெரிக்க அறிஞர். 1968 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஒரு வினா நான்கு படிகளைக் கடந்தே நூலகரின் மேசையை அடைகின்றது என்று காட்டினார். முதலில் ஏதோவொன்று அறியப்படவேண்டும் என்னும் தெளிவற்ற குறையுணர்வு; அடுத்து அது மனத்துள்ளே மங்கலாக உருப்பெறுதல்; மூன்றாவதாகச் சொற்களில் ஒழுங்குபெறுதல்; நான்காவதாக, இந்நூலகத்தில் எதைக் கேட்டால் எது கிடைக்கும் என்று வாசகன் தானே ஊகித்து அதற்கேற்பத் தன் வினாவை மாற்றிக்கொள்ளுதல். நாம் கேட்கும் வினா இந்த நான்காவது படியில் உள்ளது. வாசகனுக்கு உண்மையில் வேண்டியதோ முதலாவது படியில் உள்ளது. ஆதலின், திறமையுள்ள நூலகர் வினாவைக் கேட்டவுடன் விடையைத் தேடி எழுந்து ஓடுவதில்லை. அவர் வாசகனோடு பேச்சுக் கொடுத்து, நான்காவது படியிலிருந்து மெல்ல மெல்லக் கீழிறங்கி அவன் தேவையின் வேரைக் காண்கின்றார். வகுப்பிலே மாணவன் ஐயம் வினாவும்போது நாமும் இதனையே செய்கின்றோம். "எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை" என்று கூறும் மாணவனுக்கு விளங்காதது பெரும்பாலும் அக்கணக்கன்று. அதற்கு முன் ஆண்டிற் கற்ற பின்னமே.

இத்தகைய பேச்சுக்கு முகமும் குரலும் வேண்டும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும் கடிதம், தொலைபேசி, மின்னஞ்சல் என்பவை ஒன்றன்பின் ஒன்றாக நூலகத்துள் நுழைந்தன. இவ்வரிசையில் மிகச் சிறிய வாயிலை உடையது குறுஞ்செய்தி.

குறுஞ்செய்தியின் அளவு வகுக்கப்பட்ட வரலாறு சுவையானது. ஜேர்மனியரான பிறீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்பவர் 1985 ஆம் ஆண்டிற் பொன் நகரில் தம் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, மனத்திற் தோன்றிய வாக்கியங்களையும் வினாக்களையும் தட்டச்சிட்டு, அவற்றின் எழுத்துக்களை எண்ணிப் பார்த்தார். எவையும் 160 எழுத்தைப் பெரும்பாலும் தாண்டவில்லை. தபாலட்டைகளில் எழுதப்படுவனவும் அவ்வளவினவே என்பதையும் கண்டார். அந்த 160 என்னும் எண்ணே பின்னர் நியமமாயிற்று. 1992 ஆம் ஆண்டு டிசெம்பர் 3 ஆம் திகதி இங்கிலாந்தில் நீல் பப்வேத் என்னும் இளம் பொறியியலாளர், வொடபோன் நிறுவனத்தைச் சேர்ந்த றிச்சாட் ஜாவிஸ் என்பவருக்கு நத்தார் வாழ்த்தொன்றைக் கணினியிலிருந்து அனுப்பினார். உலகின் முதலாவது குறுஞ்செய்தி அதுவே. அதற்கு மறுமொழி வரவில்லை. பெற்றவரின் தொலைபேசியில் எழுத்துக்களைப் பொறித்து அனுப்பும் வசதி அக்காலத்தில் இல்லாமையே காரணம். மறுமொழி கூறவொண்ணாத செய்தியாகப் பிறந்த ஒன்று, சில ஆண்டுகளில் உசாவுதற்குரிய கருவியாக மாறியமை வியப்புக்குரியதே.

அதன் இயக்கத்தையும் சுருங்கக் கூறுவோம். நாம் அனுப்பும் செய்தி நேரே மற்றவர் தொலைபேசிக்குச் செல்வதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் செய்தி நிலையத்தை அடைந்து, அங்கே வைக்கப்பட்டு, பெறுபவரின் தொலைபேசி இயங்கும்போது அவரிடம் சேர்ப்பிக்கப்படுகின்றது. ஆதலின் இருவரும் ஒரே வேளையில் விழித்திருத்தல் வேண்டியதில்லை. குரல் செல்லாத அளவுக்கு அலை மெலிந்த இடத்திலும் குறுஞ்செய்தி சென்றுவிடுதல் உண்டு. இணையத் தொடர்பு வேண்டாம். விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். பொத்தான்கள் மட்டும் கொண்ட பழைய கைத்தொலைபேசி போதும். நம் நாட்டின் தீவுப் பகுதிகளிலும் மலைநாட்டுத் தோட்டப் புறங்களிலும் வாழ்வோர்க்கு இவ்வியல்பு எத்துணைப் பயனுடையது என்பதை விரித்துரைத்தல் வேண்டா.

ஆயினும் தமிழில் எழுதுவோர்க்கு ஓர் இடர் உண்டு. ஒரு குறுஞ்செய்தி கொள்ளும் துவித இலக்கங்கள் 1120. ஆங்கில எழுத்தொன்றுக்கு 7 இலக்கம் போதுமாதலின் 160 எழுத்துக்கள் அடங்குகின்றன. தமிழ் போன்ற மொழிகளுக்கோ, யூனிக்கோடு முறைப்படி ஒவ்வொரு குறிக்கும் 16 இலக்கம் வேண்டும். ஆகவே 70 குறிகளே அடங்கும். அதுவுமன்றி, நாம் ஓரெழுத்தாகக் கொள்ளும் உயிர்மெய்யைக் கணினி இரு குறிகளாகக் கொள்கின்றது. யாழ்ப்பாணம் என்னும் சொல்லில் நமக்கு எழுத்து ஆறு; கைத்தொலைபேசிக்கோ 11. எழுபதைக் கடந்த செய்தி துண்டாக்கப்படும்போது, துண்டுகளை மீண்டும் இணைத்தற்குரிய குறிப்புக்கும் இடம் வேண்டியிருத்தலின், ஒவ்வொரு துண்டிலும் 67 குறிகளே தங்கும். தமிழ் உட்படச் சில மொழிகளுக்கு 7 இலக்க அட்டவணைகள் பிற்காலத்தில் வகுக்கப்பட்டனவெனினும் அவை கைத்தொலைபேசிகளிற் பரவவில்லை. அன்றியும், பழைய தொலைபேசிகள் பலவற்றிற் தமிழெழுத்தே இல்லை. இக்காரணங்களால் நம்மவர் தமிழை ஆங்கில எழுத்திற் பொறிக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர்.

இவ்வழக்கம் நண்பர்கள் நலம் விசாரித்தற்கு ஏற்றது, நூலகத்துக்கு ஏற்றதன்று. மலை, மழை, மாலை என்னும் மூன்றும் அவ்வெழுத்தில் ஒன்றாகவே தோன்றும். பள்ளு இலக்கியம் பற்றிய நூல் வேண்டுமென ஒரு மாணவன் எழுதினால், நூலகர் பல்லைப் பற்றிய மருத்துவ நூலைத் தேடிச் செல்லவும் கூடும். பறாளை விநாயகர் பள்ளு என முழுப்பெயரும் வந்தால் தப்பினோம்! லகர ளகர ழகர வேறுபாட்டை நாம் வகுப்பறையில் வற்புறுத்துவதன் பயன் இத்தகைய இடங்களிலேதான் புலப்படுகின்றது.

நிற்க. நூலகங்கள் குறுஞ்செய்தியை உசாத்துணைக்குப் பயன்படுத்தத் தொடங்கிய காலம் இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள கேர்ட்டின் பல்கலைக்கழக நூலகம் 2004 ஆம் ஆண்டளவில் இம்முயற்சியில் இறங்கியது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஹமண்ட் நகரிலுள்ள தென்கிழக்கு லூசியானாப் பல்கலைக்கழகத்தின் சிம்ஸ் நினைவு நூலகம் அவ்வழியைப் பின்பற்றியது. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுள் இதில் முன்னின்றது அதுவே எனலாம். அந்நூலகத்தார் கைக்கொண்ட முறை எளியது. மாணவன் அனுப்பும் குறுஞ்செய்தி, அல்ராறமா என்னும் அவுஸ்திரேலிய நிறுவனத்தின் ஏற்பாட்டினால் மின்னஞ்சலாக மாற்றப்பட்டு உசாத்துணை மேசையிலுள்ள கணினிக்கு வரும். நூலகர் விடையை மின்னஞ்சலாகவே எழுதுவார். அது மீண்டும் குறுஞ்செய்தியாகி மாணவனின் கைத்தொலைபேசியை அடையும். நூலகர் சிறு பொத்தான்களோடு போராடவேண்டியதில்லை. தாம் நாள்தோறும் பழகிய விசைப்பலகையிலேயே எழுதலாம். புதியதொரு கருவியை ஏற்கும்போது பணியாளரின் பழக்கத்தைக் குலையாது ஏற்றமையே அம்முறையின் சிறப்பென்று எனக்குத் தோன்றுகின்றது.

அக்காலத்து அமெரிக்காவில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. குறுஞ்செய்தியை அனுப்புபவர் மட்டுமன்றிப் பெறுபவரும் கட்டணம் செலுத்தவேண்டும். நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் பெறுபவர் எதுவும் கொடுப்பதில்லை. ஆகவே அமெரிக்க நூலகர் ஒருவர் மூன்று செய்திகளில் விடை எழுதினால், மாணவன் மூன்று செய்திகளுக்குக் காசு கொடுக்கவேண்டும். விடையைச் சுருக்குதல் அங்கே மொழியழகுக்காக அன்று, மாணவனின் சட்டைப்பைக்காக. பழைய தந்தியிற் சொல்லுக்குச் சொல் கணக்கிட்டு எழுதிய நம் முன்னோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். எனினும் இதிலே ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. மறுவினா கேட்டாலும் மாணவனுக்குச் செலவு என்றால், நூலகர் மறுவினா கேட்கத் தயங்குவார். முதலிற் தோன்றிய பொருளைக் கொண்டு விடை கூறிவிடுவார். அங்கே உசாத்துணை, உசாவுதல் இல்லாத வெறும் விடையாகிவிடும்.

2009 ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகங்கள் பல ஒன்றுகூடிக் கூட்டு முறையிற் குறுஞ்செய்திச் சேவையொன்றைத் தொடங்கின. இலினோய் மாநிலத்து நூலகக் கூட்டமைப்பொன்று அதனை ஒருங்கிணைத்தது. தனியொரு சிறிய நூலகத்தால் நாள் முழுவதும் ஒருவரைத் தொலைபேசியின் அருகே இருத்தவியலாது. பல நூலகங்கள் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டால் இயலும். ஒரு மாநிலத்து வாசகனின் வினாவுக்குப் பிறிதொரு மாநிலத்து நூலகர் விடை கூறினார். திமிங்கிலம் எத்தனை ஆண்டு உயிர் வாழும் என்று கேட்டால் யார் கூறினும் ஒன்றே. "என் நூலகம் இன்று எத்தனை மணிக்கு மூடப்படும்?" என்று கேட்டாலோ, ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருப்பவர் அந்நூலகத்தின் விவரங்களைத் தேடிப் பார்த்தே கூறவேண்டும். அருகிலிருப்பவர் அறிவதைத் தூரத்திலிருப்பவர் அறியார் என்னும் இவ்விடர், கூட்டு முறை எதற்கும் இயல்பானதே.

ஓர் எடுத்துக்காட்டு, இச்சேவையின் உண்மையான சிக்கலை விளக்கும். "முதல் தமிழ் நாவல் எது?" என்று ஒரு மாணவன் தமிழில் எழுதி அனுப்புகின்றான் எனக் கொள்வோம். இடைவெளியும் வினாக்குறியும் உட்பட 22 குறிகள். "பிரதாப முதலியார் சரித்திரம், வேதநாயகம் பிள்ளை, 1879." என்று நூலகர் விடை எழுதினால் 52 குறிகள். ஒரே செய்தியில் அடங்கிவிடும், செலவும் குறைவு, விடையும் பிழையன்று. ஆயினும் அம்மாணவன் ஈழத்து இலக்கிய வரலாற்றுக்காகக் கட்டுரை எழுதுபவனாயின், அவனுக்கு வேண்டியது அறிஞர் சித்திலெப்பை அவர்கள் எழுதி 1885 ஆம் ஆண்டில் வெளிவந்த அசன்பேயுடைய கதை. அவன் இன்னும் ஆழ்ந்து கற்பவனாயின், அதற்கு முன் வெளிவந்ததாகக் கூறப்படும் காவலப்பன் கதை மொழிபெயர்ப்பாகையால் நாவலென எண்ணப்படுமா என்னும் விவாதமே அவனுக்கு வேண்டியது. மூவரும் அனுப்பும் செய்தி ஒன்றே. அதே 22 குறிகள். மேசைக்கு முன் வந்து நிற்கும் மாணவனின் கையிலிருக்கும் கொப்பியைக் கண்டு நூலகர் ஊகித்துக்கொள்வார். குறுஞ்செய்தியிற் கொப்பி தெரியாது. ஆகவே "தமிழகமா, ஈழமா? எந்த வகுப்பு?" என்னும் ஒரு மறுவினாவை அனுப்பியே தீரவேண்டும். குறுஞ்செய்தி உசாத்துணையின் தரத்தை அளப்பதற்கு அது எத்தனை நிமிடத்தில் விடையளித்தது என்று பார்ப்பதிலும், எத்தனை முறை திருப்பிக் கேட்டது என்று பார்ப்பதே தக்கது என்பது என் துணிபு. நேரத்தைக் காக்கவேண்டும் என்னும் நான்காம் விதிக்கு இது மாறன்றோ என ஐயுறுதல் கூடும். மாறன்று. பொருந்தாத விடையைப் பெற்று அதன்வழியே ஒரு கிழமையைச் செலவிடும் மாணவனின் நேரத்தை நோக்கினால், மறுவினாவுக்குச் சென்ற ஐந்து நிமிடம் பெரிதாகாது.

நம் மாணவர் குறுஞ்செய்தியின் வேறொரு பயனை நன்கு அறிவர். பரீட்சைச் சுட்டெண்ணை உரிய எண்ணுக்கு அனுப்பினால் பெறுபேறு உடனே வந்துவிடுகின்றது. அதுவும் வினாவும் விடையுமே. ஆயினும் அது உசாத்துணையன்று. அங்கே வினா ஐயத்துக்கு இடமற்றது. விடை முன்னரே அட்டவணையில் உள்ளது. மனிதர் எவரும் வேண்டியதில்லை. இவ்வகைச் சேவையைக் கண்டு பழகியவர்கள் நூலகத்திடமும் அதனையே எதிர்பார்த்தல் இயல்பு. ஒரு நூல் இருக்கின்றதா, எப்போது திருப்பிக் கொடுக்கவேண்டும், நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கப்படும், இந்நூல் எந்த ஆண்டிற் பதிப்பிக்கப்பெற்றது, இச்சொல்லின் பொருள் யாது என்பன போன்றவை குறுஞ்செய்திக்கு மிக ஏற்றவை. போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாணச் சமூக அமைப்பை ஆராய எவற்றைப் படிக்கவேண்டும் என்பது ஏற்றதன்று. அதற்கு நூலகர் செய்யத்தக்கது, தொடக்கத்துக்கு ஒரு நூலைச் சுட்டி, எந்நாளில் நேரில் வரலாம் அல்லது எவ்வேளையிற் தொலைபேசியிற் பேசலாம் என்று எழுதுதலே. இவ்வாறு கூறி அனுப்புதலையும் உசாத்துணையின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும்.

விடை எழுதும் நடையைப் பற்றியும் ஒரு சொல். இளைஞர் சொற்களைக் குறுக்கியும் உயிரெழுத்தை விடுத்தும் எழுதுவர். நூலகரும் அவ்வாறே எழுதினால் அவர்களோடு நெருக்கம் உண்டாகும் என்பர் சிலர். எனக்கு அது உடன்பாடன்று. அரைகுறைச் சொல்லில் வந்த நூற்பெயரைக் கொண்டு மாணவன் அட்டவணையில் எதனைத் தேடுவான்? வினா எவ்வாறு வரினும் விடையில் ஆசிரியர் பெயர், நூற்பெயர், ஆண்டு, பக்கம் என்பன முழுமையாக இருத்தல் வேண்டும். இரண்டு செய்திகளாக நீளினும் நீளுக. 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் பெருந்தொகையாக உள்ளன. அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணை மட்டும் எழுதி அனுப்பினாற்கூட மாணவன் உரிய நூலை அடைந்துவிடுவான். ஒரு முழு நூலைச் சில இலக்கங்களிற் சுட்டிவிடும் இவ்வசதி குறுஞ்செய்திக்கெனவே அமைந்தது போலும்.

இன்னொரு பொருள் நம் நாட்டிற் போதிய கவனம் பெறவில்லை. நூலகத்துக்கு வந்து வினாவும் ஒருவன் பெயர் கூறவேண்டியதில்லை. குறுஞ்செய்தி அனுப்புபவனோ, வினாவோடு தன் தொலைபேசி எண்ணையும் தந்துவிடுகின்றான். நோயொன்றைப் பற்றியோ குடும்ப வழக்கொன்றைப் பற்றியோ அவன் கேட்டிருத்தல் கூடும். ஒருவர் எதைப் படிக்கின்றார் என்பதை மற்றொருவருக்குக் கூறாமை நூலகத் தொழிலின் அறம். பிற்காலத்து மென்பொருள்கள் சில, அனுப்புபவரின் எண்ணை நூலகரும் காணாதவாறு மறைத்து வேறொரு குறியீட்டைக் காட்டும் வசதியை அளித்தன. நம் நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 2022 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சட்டத்துக்கு அஞ்சியேனும் அன்றி அறத்தை மதித்தேனும், விடை அனுப்பியபின் எண்ணை அழித்துவிடுதல் முறை.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. திறன்பேசியும் வாட்சப் முதலியனவும் வந்தபின் 160 என்னும் எல்லை பலருக்கு நினைவிலும் இல்லை. தமிழெழுத்தைப் பொறித்தல் எளிதாயிற்று; நூலின் பக்கமொன்றைப் படமாக எடுத்து அனுப்புதலும் எளிதாயிற்று. அன்றியும், வினாவியவுடன் பத்தி பத்தியாக விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளை மாணவர் நாடுகின்றனர். அவற்றின் ஆற்றலைக் குறைத்துக் கூறுதல் என் கருத்தன்று. ஆனால், அவ்விடையிற் கூறப்படும் நூல் உண்மையில் உளதா என்பதை அறிவதற்கு மாணவன் மீண்டும் நூலகத்திடமே வரவேண்டியிருக்கின்றது. இல்லாத நூலுக்குப் பெயரும் ஆண்டும் பக்கமும் கொடுத்து எழுதப்பட்ட ஒப்படைகளை ஆசிரியர் பலர் இப்பொழுது காண்கின்றனர். "இப்படியொரு நூல் உண்டா?" என்னும் ஒருவரி வினா, குறுஞ்செய்தி உசாத்துணைக்கு இக்காலம் தந்த புதிய வேலையாகும்.

இச்சேவை யாருக்கு மிகவும் வேண்டியது? பல்கலைக்கழகத்தின் உள்ளே கற்பவனுக்கு நூலகம் நடைதூரத்தில் உள்ளது. வெளிவாரியாகப் பட்டப்படிப்பை மேற்கொள்பவர்க்கு அஃது அவ்வாறன்று. பகலில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ பணியாற்றி, இரவில் விளக்கின் கீழ்க் கற்கும் அவர்களுக்கு விரிவுரையாளரும் இல்லை, நூலகரும் இல்லை. இதனை எழுதுபவனும் வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் பெற்றவனே. ஒரு நூலின் முதற் பதிப்பு எந்த ஆண்டினது என்பதை அறிதற்காக ஒரு பகற்பொழுது முழுவதையும் பேருந்திற் கழித்தவர்களை நான் அறிவேன். அவ்வாறு கழிக்க இயலாமையால் அவ்வினாவையே கைவிட்டவர்களையும் அறிவேன். கேட்கப்படாது ஒழிந்த வினாக்களுக்கு எந்த நூலகத்திலும் கணக்கில்லை. அவர்களுக்குப் பேருந்துக் கட்டணத்தின் ஒரு சிறு பகுதியில் விடை கிடைத்திருக்கும்.

கல்லூரி நூலகமொன்று இதனைத் தொடங்குவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நூலகத்துக்கென ஒரு கைத்தொலைபேசி. அது நூலகப் பொறுப்பாசிரியரின் சொந்தத் தொலைபேசியாக இருத்தல் ஆகாது. அவ்வாறாயின் நள்ளிரவிலும் வினா வரும். அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது சேவையும் அவரோடு சென்றுவிடும். விடை கூறும் நேரத்தை முன்னரே அறிவித்தல் வேண்டும். பாடசாலை முடிந்தபின் ஒரு மணித்தியாலம் போதும். அதற்கு வெளியே வரும் வினாக்களுக்கு மறுநாள் விடை கூறலாம். நூலகம் திறந்திருக்கும் நேரம், இரவல் விதி ஆகியன பற்றிய வினாக்களுக்கு உயர்தர வகுப்பு மாணவர் இருவரைப் பழக்கி விடையெழுதச் செய்யலாம். மற்றவற்றைப் பொறுப்பாசிரியரே பார்த்தல் நன்று. பழைய மாணவரும் இவ்வெண்ணைப் பயன்படுத்த இடமளித்தல் தகும். அவர்களுள் வெளிவாரியாகக் கற்போர் பலர் உளர்.

வரும் வினாக்களை, அனுப்பியவரின் பெயரும் எண்ணும் நீக்கி, ஒரு கொப்பியில் திகதி வாரியாக எழுதி வருதல் வேண்டும். வினா, கேட்ட மறுவினா, கூறிய விடை, எடுத்தாண்ட நூல் என நான்கு நிரல்கள் போதும். விடை கூற இயலாதவற்றை இறுதி நிரலில் வெறுமையாக விடுக. தவணை முடிவிற் கூடும் நூலகக் குழுவின் முன் அக்கொப்பியை வைத்து, வெறுமையாக உள்ள இடங்களை எண்ணிப் பார்த்தபின், அடுத்த ஆண்டுக்கு வாங்கவேண்டிய நூல்களின் பட்டியலை எழுதத் தொடங்கலாம்.